மதியம் மட்டும் மாறிய அளவு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜனவரியில் நடந்தது. புனேயில், போசரியில் இருந்த ஒரு சின்னத் தொழிற்சாலையில் சிஎன்சி லேத் ஆபரேட்டராகச் சேர்ந்து எனக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. இரும்பை மாட்டிப் பட்டனைத் தட்டினால், கம்ப்யூட்டர் சொல்கிறபடி கடைந்து தருகிற மிஷின் அது. பட்டனைத் தட்ட யாருக்கும் வரும். அளவு பிசகாமல் வரவழைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் ஷெட்டில் செட்டர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. புது வேலை வரும்போது அதற்கேற்ப மிஷினைத் தயார் செய்து தருபவர்தான் செட்டர். ஆபரேட்டருக்கு அடுத்த படி. போட்டியில் இருந்தது இரண்டு பேர். ஒன்று நான். இன்னொருவர் பக்கத்து மிஷின்காரர். லாத்தூர் பக்கம் சொந்த ஊர், ஆறு வருட அனுபவம், கான்ட்ராக்டில் இருந்தார். என்னிடம் டிப்ளமோ இருந்தது, அவரிடம் இல்லை. அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த மாதம் எனக்கு ஒரு ஷாஃப்ட் வேலை தந்தார்கள். பேரிங் உட்காரும் இடத்தில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. மூன்று ஷிஃப்டும் ஓடுகிற மிஷின். காலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரவு ஷிஃப்ட்காரரிடமிருந்து வாங்கிக்கொள்வேன். மதியம் வரை ஜாப், அதாவது கடைந்தெடுக்கும் துண்டு, அழகாக வரும். அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய், அரை மணி நேரம் கழித்து வந்து போட்டால், முதல் மூன்று ஜாப் அளவைவிடக் கனமாக வரும். திரையில் அளவைத் திருத்தும் எண்ணைக் குறைப்பேன். சிறிது நேரத்தில் ஜாப் மெலிந்துபோகும். திரும்பக் கூட்டுவேன்.

யாராவது எண்ணை மாற்றுகிறார்களோ என்று நோட்டில் குறித்துவைத்தும் பார்த்தேன். போகும்போது இருந்த அதே எண்தான் வந்த பிறகும் இருந்தது. அளவு மட்டும் வேறு! டூலை மாற்றினேன், மைக்ரோமீட்டரை மாற்றினேன், மண்டை காய்ந்ததுதான் மிச்சம். தினமும் ஏழெட்டு ஜாப் கழிவு போடும் சிவப்புத் தொட்டிக்குப் போயின. சூப்பர்வைசர் தொட்டியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

எல்லோரும் கேன்டீனுக்குப் போகும்போது பக்கத்து மிஷின்காரர் மட்டும் ஷெட்டிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாக்ரி என்கிற சோள ரொட்டியும் சட்னியும் சாப்பிடுவார். நாலாம் நாள் நான் சீக்கிரம் திரும்பிவிட்டேன். என் மிஷினின் பட்டன் பலகைக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நகர்ந்துபோனார். அன்றும் முதல் மூன்று ஜாப் கனமாகவே வந்தன.

எனக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. நேராக ஆபீஸுக்குப் போய், நான் இல்லாத நேரத்தில் என் மிஷினைத் தொடுகிறார்கள் என்றேன். யார் என்று கேட்டார் சூப்பர்வைசர். சொன்னேன். மறுநாள் பக்கத்து மிஷின்காரர் வேலைக்கு வரவில்லை. இனி வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டாராம். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். வந்து போட்ட முதல் ஜாப் கனம். இரண்டாவதும் கனம். மூன்றாவதும்.

மறுபடி அளந்து பார்த்தேன், அதேதான். ஆளே இல்லாதபோது யார் தொட்டார்கள்? சுற்றிலும் பார்த்தேன். ஆபரேட்டர்கள் இன்னும் கேன்டீனிலிருந்து திரும்பவில்லை. ஆனால் அவர்களுடைய மிஷின்கள் ஜாப் இல்லாமலே சுற்றிக்கொண்டிருந்தன. அணைத்துவிட்டுப் போனது நான் ஒருத்திதான். ஏரவாடாவில் எங்கள் வீட்டில், "யாரு இருக்கான்னு ஃபேன் ஓடுது?" என்று அம்மா கேட்காத நாள் கிடையாது. இடத்தை விட்டு எழுந்தால் என் கை தானாக ஸ்விட்சுக்குப் போகும். சும்மா ஓடவிட்டுப் போகிறவர்களை ஊதாரிகள் என்றுகூட நினைத்திருந்தேன்.

மறுநாள் அணைக்காமல் போனேன். திரும்பி வந்து போட்ட முதல் ஜாபே சரியாக வந்தது. மிஷின் நின்றால் ஆறுகிறது, ஆறினால் உள்ளே இருக்கும் இரும்பு சுருங்குகிறது, மறுபடி சூடேறும்வரை அளவு தடுமாறுகிறது. அவ்வளவுதான் விஷயம். டிப்ளமோவில் நான் நல்ல மார்க் வாங்கிய பாடம்.

கண்டுபிடித்ததற்குச் சந்தோஷப்படுவதா, அவமானத்தில் சாவதா என்று தெரியவில்லை. வெளியே சொன்னால் செட்டர் இடம் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அவருக்கு வேலை போனது போனதுதான். ஷிஃப்ட் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு கேட் வரை போனவள், திரும்பி வந்து சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இந்தியில் திட்டியதை இங்கே எழுத முடியாது.

மூன்று நாள் கழித்துப் பக்கத்து மிஷின்காரரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். செட்டர் இடமும் அவருக்கே கிடைத்தது. மன்னிப்புக் கேட்கப் போனபோது, அன்றைக்கு என் மிஷின் முன்னால் ஏன் நின்றீர்கள் என்றும் கேட்டேன். அணைந்து கிடந்ததே, ஓட விடலாம் என்று வந்தாராம். ஏதாவது ஆனால் பழி தன் தலையில் விழும் என்று கையை எடுத்துக்கொண்டாராம். அப்படியானால் காரணம் முன்பே தெரியுமா? முதல் நாளே தெரியும் என்றார். பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"தும்ஹி விசார்லச் நாஹி, தாயி," என்றார். நீங்கள் கேட்கவே இல்லையே அக்கா.

கோபப்படுவதா, வெட்கப்படுவதா என்று அப்போதும் புரியவில்லை. போட்டிக்காக மறைத்தாரா, படித்தவளுக்கு நாம் என்ன சொல்லிக்கொடுப்பது என்று ஒதுங்கினாரா, இன்றுவரை தெரியாது. போன வருடம் நானும் செட்டராகிவிட்டேன். ஆனாலும், எங்கள் இரண்டு மிஷின்களுக்கும் நடுவே நாலடி தூரம்தான் இருந்தது. அதைத் தாண்டி ஒரு வார்த்தை கேட்காமல், ஷெட்டின் அந்தக் கோடியில் இருந்த ஆபீஸ் வரை நடந்துபோய்ப் புகார் சொன்னேனே, அந்த நடை இன்னும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.