கைருன்னிஸாவின் குரவை

இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதின் கடலோரத் தெருக்களில் ஒரு கலியாணம் என்றால், மாப்பிள்ளை எங்கே வருகிறார் என்று யாரும் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. கைருன்னிஸாவின் குரவை கேட்டால் மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். கல்முனைச் சந்தித் தேநீர்க் கடைக்கும் அது கேட்கும் என்பார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொல்வது. பள்ளிவாசல் வரைக்கும் கேட்டது உண்மை.

குரவை வெறும் கூச்சல் இல்லை. நாக்கு வாயின் இரண்டு ஓரத்தையும் மாறி மாறித் தட்ட வேண்டும். தொண்டையை இறுக்கக் கூடாது. தொடக்கத்திலேயே மூச்சைக் கொட்டிவிட்டால் நடுவில் சத்தம் உடையும். எவ்வளவு பெரிய மூச்சானாலும் ஓரிடத்தில் தீரத்தான் செய்யும். அந்த இடத்தில் இன்னொருத்தி உள்ளே வர வேண்டும். முந்தி வந்தால் இரண்டு குரலும் முட்டும். பிந்தி வந்தால் ஓட்டை விழும். கைருன்னிஸாவுக்கு அந்த இன்னொருத்தி, தங்கை லைலா. அக்கா மூச்சை விடுகிற இடத்தில் தங்கை தொடங்குவாள். தங்கை விடுகிற இடத்தில் அக்கா. வீதியில் நிற்பவருக்கு ஒரே பெண் ஒரே மூச்சில் போடுவது போலிருக்கும்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் குரவையோடுதான் வருவார்கள். பெண் வீட்டார் வாசலில் நின்று பதில் போட வேண்டும். எந்தப் பக்கம் முதலில் அறுகிறதோ அந்தப் பக்கத்தைப் பெருநாள் பலகாரம் கொண்டு போகும்போதுகூடக் கேலி செய்வார்கள். அக்காவும் தங்கையும் நின்ற வாசலில் அறுந்ததில்லை.

கைருன்னிஸாவின் கணவர் கச்சிமுகம்மது கரைவலைக்காரர். அவர் காய்ச்சலில் மௌத்தான பிறகு, பிள்ளையில்லாத கைருன்னிஸா வெளிநாட்டு வேலைக்குப் போனார். அவர் உழைத்தது லைலாவின் ஒரே மகள் பஸ்னாவுக்காக. பெண்பிள்ளைக்குத்தான் வீடு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பஸ்னாவின் வீட்டுக்குக் கல் வைக்க லைலா இருந்தாள். கல் வாங்கிக் கொடுக்க கைருன்னிஸா இருந்தார்.

முதலில் ஜோர்தான். அம்மான் நகரத்தில் ஒரு பெரிய குடும்பம். போன புதிதில், பெண் கேட்டு ஒரு முதியவர் ஆட்களோடு வந்தார். கைருன்னிஸாவிடம் கோப்பி கொடுக்கச் சொன்னார்கள். நம் ஊரில் விருந்தாளிக்குக் கோப்பையைக் குறைத்து ஊற்றினால் அது அவமரியாதை. கைருன்னிஸா அந்தச் சின்னக் கோப்பையை விளிம்பு வரை நிரப்பி இரண்டு கையாலும் நீட்டினார். முதியவர் கோப்பையையும் வீட்டுக்காரரையும் பார்த்தார். அந்த நாட்டில் கோப்பையின் அடியில் கொஞ்சம் ஊற்றினால்தான் மரியாதை. நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டு எழும்பிப் போ என்று பொருளாம். வீட்டுக்காரி ஓடி வந்து, இவள் இலங்கைக்காரி, இவள் ஊரில் நிறைத்தால்தான் அன்பு என்று விளக்கினார். முதியவர் சிரித்து, அப்படியானால் இன்னும் ஊற்று என்றாராம். கலியாணமும் நடந்தது. அந்தச் சம்பந்தமே தன்னால்தான் முடிந்தது என்று கைருன்னிஸா கடைசிவரை சாதிப்பார்.

இந்தக் கதையை அவர் எல்லோருக்கும் சொல்வார். அடுத்ததை நெடுங்காலம் யாருக்கும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. ஒருநாள் கைருன்னிஸா மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டிலிருந்து குரவை எழுந்தது. அரபுப் பெண்களும் நம்மைப் போலவே போடுவார்கள். மாப்பிள்ளை வெளிக்கிடுகிறான் என்று நினைத்தார். கேட்டுக்கொண்டு சும்மா நிற்க அவரால் முடியவில்லை. கூடையை வைத்துவிட்டு மாடியிலிருந்தே பதில் குரவை போட்டார். பிறகு படியிறங்கி ஓடி, வாசலில் நின்ற தாயின் கையைப் பிடித்து ‘மப்ரூக்’ என்று வாழ்த்தினார். அதற்குப் பிறகுதான் கதவைத் தாண்டித் தோள்களில் வந்த சந்தூக்குப் பெட்டியைக் கண்டார். பையன் வாகனம் மோதி மௌத்தாகியிருந்தான். கலியாணம் காணாமல் போகிற பிள்ளையை அங்கே மாப்பிள்ளையாகவே அனுப்பி வைப்பார்கள்.

கைருன்னிஸா கையை இழுக்கப் பார்த்தார். தாய் அவருடைய கையை விடவில்லை. இன்னொருமுறை போடு, என் மகன் கேட்கட்டும் என்றார். கைருன்னிஸாவுக்கு வாய் திறக்க வரவில்லை. நம் ஊரில் மௌத்து வீட்டில் ஓதுகிற சத்தம் மட்டும்தான் இருக்கும். அங்கே குரவை போட்டால் அது பெரிய பாவம் போல. கையை உருவிக்கொண்டு வந்துவிட்டார். குரவை போட்டது தெரியாமல் செய்தது, கையை உருவியது தெரிந்து செய்தது என்று பிறகு சொன்னார்.

அடுத்தது சைப்பிரஸ். ஒரு கிழவியைப் பராமரிக்கிற வேலை. முதல் வாரம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நின்றபோது, கிழவி அவரைப் பார்த்து மூன்று தரம் துப்பினாள். கைருன்னிஸா அழுதுவிட்டு, பெட்டியைக் கட்டத் தொடங்கினார். பக்கத்து மாடியில் வேலை செய்த கலாராணி வந்துதான் தடுத்தாள். கலாராணி கல்முனைக்கு அடுத்த பாண்டிருப்புத் தமிழ்ப் பெண், கடற்றொழில் குடும்பம்.

“விசரி, அது உனக்குக் கண்ணூறு கழிக்குதுகா,” என்றாள். “உங்கட ஊட்டுல மிளகாயும் உப்பும் சுத்திப்போட்டுத் துப்புறல்லியா? இஞ்ச மிளகாய் இல்லாம துப்புறாங்க. அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள். ஊரில் இருந்த காலத்தில் ஒருவர் தெருவில் மற்றவர் நடந்தது குறைவு. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சண்டை நடந்த காலம் அப்படி. சைப்பிரஸில் ஒரே பஸ்ஸில் ஒரே சோற்றுப்பெட்டியோடு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இலங்கைப் பெண்கள் நகரப் பூங்காவில் கூடுவார்கள். ஒரு ஞாயிறு, அங்கே நின்ற நிலாந்தினிக்கு ஊரிலிருந்து செய்தி வந்தது: மகளுக்கு ஆண்குழந்தை. குழந்தை பிறந்த சந்தோசத்துக்குக் குரவை போடாமல் இருப்பதா என்று கைருன்னிஸா தொடங்கினார். மூச்சு தீருமுன்பே கலாராணி உள்ளே புகுந்தாள். இரண்டு குரலும் முட்டிப் பூங்காவே அதிர்ந்தது. புறாக்கள் எல்லாம் பறந்தன. கொஞ்ச நேரத்தில் பொலிஸ் வண்டியும், அதன் பின்னால் அம்புலன்சும் வந்தன. பெண் ஒருத்தியை யாரோ கொல்கிறார்கள் என்று யாரோ தகவல் கொடுத்திருந்தார்கள். அடிபட்டவள் எங்கே என்று பொலிஸ்காரர் மரத்துக்குப் பின்னாலெல்லாம் தேடினார். கலாராணி தெரிந்த நான்கு கிரேக்கச் சொல்லையும் ஒரு குழந்தையைத் தாலாட்டுகிற பாவனையையும் சேர்த்து விளக்கினாள். பொலிஸ்காரருக்கு விளங்கியதும், நிலையத்தில் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று வோக்கிடோக்கியை நீட்டி இன்னொருமுறை போடச் சொன்னார்.

திரும்பிவரும் வழியெல்லாம் கைருன்னிஸாவின் கவலை பொலிஸைப் பற்றியதல்ல. “நீ முட்டுறாய் கலா. என்ட மூச்சு தீருற வரைக்கும் பொறு. நான் விட்ட பிறகு வா.” பிறகு, அது லைலாவின் இடம், உனக்கு வராது என்று சொல்லிச் சிரித்தார். கலாராணி அதைப் பகடியாகவே எடுத்தாள்.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். கிழவியின் வீட்டுத் தொலைக்காட்சியில் கைருன்னிஸா பார்த்தது யாருடைய ஊரோ என்றுதான் நினைத்தார். பூங்காவுக்குப் போனபோது எல்லோரும் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு அழுதார்கள். ஒருவருக்கும் அழைப்புக் கிடைக்கவில்லை. லைலாவின் கணவர் ஜவுபர் ஒருவழியாகத் தொடர்பு எடுத்தபோது லைலாவை அடக்கியும் முடிந்திருந்தது. அவர் வயலில் இருந்ததால் தப்பினார். பஸ்னா அட்டாளைச்சேனையில் மாமி வீட்டில் இருந்ததால் தப்பினாள். கட்டிய வீடு அத்திவாரத்தோடு போயிருந்தது. கலாராணியின் வீடும் போயிருந்தது, ஆட்கள் இருந்தார்கள். இருவரும் ஒரே விமானத்தில் வந்தார்கள்.

அடக்கிய மையவாடிக்குள் எங்கள் பெண்கள் போவதில்லை. வீதியில் நின்று மதிலைப் பார்த்துவிட்டு கைருன்னிஸா கூடாரத்துக்குத் திரும்பினார். கூடாரம், பிறகு தகர வீடு, பிறகு வயல் பக்கம் கட்டின சுனாமி வீட்டுத்திட்டம். கலியாணங்களும் மெல்லத் தொடங்கின. ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று கைருன்னிஸா சொல்லிவிட்டார். எல்லோரும் அதைக் கவலை என்று விளங்கிக்கொண்டு பிறகு கேட்பதை விட்டார்கள்.

பஸ்னாவுக்கு, ஒலுவில் துறைமுகத்தில் வேலை செய்த ஸஹீத் மாப்பிள்ளையானான். யுத்தம் முடிந்த அடுத்த மாதம் நாள் வைத்தார்கள். அதற்குள் ஒலுவிலிலிருந்து ஒரு கதை வந்து சேர்ந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா சபியா உம்மா குரவையில் பெயரெடுத்தவர். சாய்ந்தமருதை இந்தமுறை அறுத்துக் காட்டுவேன் என்று வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னாராம்.

பஸ்னா கைருன்னிஸாவைக் குரவை போடச் சொல்லிக் கேட்டது அதற்காக இல்லை. உம்மாவும் இல்லாமல், உங்கட குரவையும் கேட்காத வாசலில் எப்படி இருப்பேன் என்றுதான் கேட்டாள். அவளுக்கு மட்டும் கைருன்னிஸா உண்மையைச் சொன்னார்.

“தொண்டைக்கு ஒண்டுமில்ல மகள். நான் மூச்சு விடுற இடத்தில உன்ட உம்மா வருவா. இப்ப அந்த இடத்தில ஒண்டுமில்ல. உன்ட வாசல்ல அறுந்து நிக்க என்னால ஏலா.”

பஸ்னா வற்புறுத்தவில்லை. அதுதான் கைருன்னிஸாவுக்குப் பெரிய பாரமாகியது.

கலாராணிக்கு வெற்றிலை வைத்துச் சொல்ல கைருன்னிஸா தானே பாண்டிருப்புக்குப் போனார். கலாராணியின் தம்பி தனுசன் குடும்பத்தோடு வன்னியில் இருந்தவன். முகாமுக்கு வந்திருக்கிறார்கள் என்று மட்டும் செய்தி வந்திருந்தது. யார் வந்தது, யார் வரவில்லை என்று தெரியாது. யுத்த வெற்றிக்கு டவுனில் வெடி கொளுத்தின கிழமை அவள் வாசலுக்கே வரவில்லை. இந்த நிலையில் கலியாணத்துக்கு எப்படிக்கா வாறது என்று கலாராணி கேட்டாள். கைருன்னிஸா வெற்றிலையை மேசையில் வைத்தார். வாவென்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இருவரும் தேநீர் குடித்தார்கள். கோப்பை விளிம்பு வரை நிறைந்திருந்தது.

கலியாணத்தன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஒலுவில் வாகனங்கள் வீட்டுத்திட்ட வீதியில் வந்து நின்றன. சபியா உம்மா முதலில் இறங்கினார். அவருடைய குரவை உண்மையிலேயே நல்ல குரவை. கைருன்னிஸாவே அடுப்படியில் நின்று தலையாட்டினார். பின்னால் வந்த பெண்கள் அதைத் தொடர்ந்தார்கள். வாசலில் நின்ற எங்கள் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இளம் பெண் ஒருத்தி தொடங்கி, உடைந்து, வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடினாள். ஒலுவில் பக்கம் சிரிப்பு எழுந்தது. மாப்பிள்ளையின் கால் கழுவத் தண்ணீர்ச் செம்போடு நின்ற மச்சினன் முறைப் பையன் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நின்றான்.

சபியா உம்மா மூச்சை ஆற்றிக்கொண்டு பகடியாகத்தான் கேட்டார். “என்னகா சத்தத்தையே காணோம்? மௌத்து ஊட்டுக்கா வந்திருக்கம்?”

சொன்ன பிறகுதான் எந்த வீட்டு வாசலில் சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. முகம் வெளுத்தது. ஆனால் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. மணப்பெண் அறையில் பஸ்னா தலையைக் குனிந்தாள். கைருன்னிஸா கையைக் கழுவிக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தார். கூட்டம் வழிவிட்டது. வாசற்படியில் நின்று, கோபமில்லாமல் சொன்னார்:

“ஓம் ராத்தா, மௌத்து ஊடுதான். கலியாண ஊடும்தான். ரெண்டுக்கும் சேர்த்துப் போடுறன், கேளுங்க.”

பிறகு வாயைத் திறந்தார்.

இத்தனை வருசம் அடைத்துக் கிடந்த குரல் கரகரத்துத்தான் வந்தது. பிறகு தெளிந்தது, ஏறியது, பழைய இடத்தில் போய் நின்றது. வாசலில் நின்ற கிழவிகள் கண்ணை மூடினார்கள். அவர் அந்தக் குரவையை பஸ்னாவுக்கு மட்டும் போடவில்லை. ஓதி முடிக்கக்கூட நேரமில்லாமல் அடக்கிய தங்கைக்கும் போட்டார். அம்மானில் கையைப் பிடித்துக் கேட்ட தாய்க்கும் போட்டார். மூச்சு இறங்கிக்கொண்டு வந்தது. தீருகிற இடம் வருவது அவருக்குத் தெரிந்தது. அறுந்தால் அறுந்துபோகட்டும் என்று நினைத்துக்கொண்டு மிஞ்சியிருந்த மூச்சையும் குரவையில் விட்டார்.

ஓட்டை விழவில்லை. வேலிப் பக்கமிருந்து இன்னொரு குரல் எழுந்தது. லைலாவின் குரலைவிடத் தாழ்ந்தது, கொஞ்சம் தடித்தது; அம்மன் கோயில் சடங்கில் கேட்கிற குரல். முட்டாமல், பிந்தாமல், விட்ட இடத்தில் வந்து ஏறிக்கொண்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த கலாராணி, கையில் பையோடு நின்றபடியே போட்டாள். கண்ணால் தண்ணீர் ஓடியது, குரல் நடுங்கவில்லை. அவள் விட்ட இடத்தில் கைருன்னிஸா எடுத்தார். மாறி மாறி எடுத்தார்கள். வயல் பக்கம் மண்வெட்டியோடு போனவர்கள் வரம்பில் நின்று பார்த்தார்கள். சபியா உம்மா சேர்ந்து போட்டுப் பார்த்தார். இரண்டு தரம் முயன்று, கையை உயர்த்திச் சிரித்துவிட்டார். மச்சினன் அப்போதுதான் மாப்பிள்ளையின் காலில் தண்ணீர் ஊற்றினான்.

கலியாணப் பதிவான காவின் எழுதி, தாலி கட்டி முடிந்த பிறகு, பெண்களுக்குக் கூடிச் சாப்பிடுகிற பெரிய தட்டான சஹன் வைத்தார்கள். ஒரு சஹனைச் சுற்றி கைருன்னிஸா, கலாராணி, சபியா உம்மா, இன்னும் மூன்று பேர். சபியா உம்மா இறைச்சித் துண்டைப் பிய்த்து கைருன்னிஸாவின் பக்கம் தள்ளி வைத்தார். எங்கள் பக்கத்தில் மன்னிப்புக் கேட்பது பெரும்பாலும் இப்படித்தான். கலாராணிக்கு மரக்கறியைத் தள்ளப் போனபோது, எனக்கும் அதுதான் வேணும் என்று அவள் இறைச்சியைக் காட்டினாள். அம்மானில் அந்தத் தாயிடமிருந்து கையை உருவிக்கொண்டு வந்த கதையை கைருன்னிஸா முதல் தடவையாக அங்கேதான் சொன்னார்.

இன்றும் ஒலுவிலில் அந்தக் கலியாணத்தைப் பற்றிக் கதைப்பார்கள். தாங்கள் அறுந்ததைச் சபியா உம்மாவே சொல்வார். அறுத்த ஆட்கள் அப்படிப்பட்டவர்கள் என்பதில் அவருக்கும் ஒரு பெருமை. அன்று சஹனில் இருந்தபடியே அவர் கேட்டாராம், இந்த ரெண்டாவது குரலை எங்கே பிடிச்சீங்க, இந்த ஊரில் நான் கேட்டதேயில்லையே என்று.

கைருன்னிஸா சோற்றைப் பிசைந்துகொண்டே நிதானமாகப் பதில் சொன்னார். “சைப்பிரஸ்ல பொலிஸ் பிடிச்ச குரல் ராத்தா. நாங்க அதைக் கூட்டிக்கிட்டு வந்திட்டம்.”