கான்டன் நகரில் தை அமாவாசை

கான்டன் நகரை நான் முதன்முதல் கண்டது யுவ வருடம் தை மாதம் பதினோராம் திகதி, வெள்ளிக்கிழமை. இங்கிலீஷ் கணக்கில் 1936 ஜனவரி 24. ஹொங்கொங்கில் ஏறிய ஆற்றுக் கப்பல் விடியத் துறை சேர்ந்தது. ஆறு நிறையப் படகுகள். ஒவ்வொரு படகும் ஒரு வீடு: அடுப்பு, கூடையில் கோழி, இடுப்பில் கயிறு கட்டிய குழந்தை. யாழ்ப்பாணப் பட்டினத்தைப் போல எத்தனையோ பட்டினங்கள் அங்கே தண்ணீரில் மிதந்தன. கரையில், மழையிலும் நனையாமல் நடக்கும்படி மாடிகளின் கீழே தூண் வரிசை விட்டுக் கட்டிய தெருக்கள். அப்படி ஒரு நகரத்தை நான் அதுவரை கண்டதில்லை.

ஆனால் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. அன்று சீனருக்கு வருடப் பிறப்பு. அது அமாவாசையை ஒட்டியே வரும் என்று புத்தகத்தில் படித்திருந்தும் யோசிக்காமல் பயணம் வைத்துவிட்டேன். எனக்கோ தை அமாவாசை விரதம். தகப்பனார் இறந்தபின் ஓர் அமாவாசையும் நான் தவறவிட்டதில்லை. மரக்கறியோடு சோறு சமைத்து, அவர் பெயரில் காகத்துக்கு வைத்த பின்பே உண்ணவேண்டும். வெறும் பட்டினி விரதமாகாது.

கூட வந்த என் மச்சான் அச்சுவேலிக்காரர். சிங்கப்பூரில் என்னோடு ஒரே கந்தோரில் வேலை. சீனமும் கொஞ்சம் பேசுவார்.

"வாத்தும் பண்டியும் தொங்கிற ஊரிலை விரதச் சோறு தேடுறாய். ஒருக்கா விட்டால் மாமா கோவிக்கமாட்டார்."

"நான் விடமாட்டன்."

"அப்ப கிட. பசியோடை சீனம் பார்த்தனான் எண்டு உன்ரை கொப்பியிலை எழுது."

அப்படிச் சொன்னாலும் அவரே போய் நாங்கள் தங்கிய விடுதிக்காரரிடம் விசாரித்தார். சிறிது நேரத்தில் விடுதிக்காரர் சோறும் ஒரு கறியும் கொண்டு வந்து வைத்தார். கறியில் கறுப்பாய், சிக்கலாய் ஏதோ கிடந்தது.

"ஆரின்ரை தலைமயிரை அவிச்சவங்கள்?" என்றார் மச்சான்.

நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். விடுதிக்காரர் கோபிக்கவில்லை. உள்ளே போய், சமைக்காத சாமான்களை ஒரு தட்டில் கொண்டு வந்து ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டினார்: காளான், தாமரைக் கிழங்கு, சோயாத் தோல், கடைசியில் அந்தக் கறுப்பு நார்.

"பாசியாம். வடக்கை தரையிலை படருறதாம்," என்று மச்சான் மொழிபெயர்த்தார். "வருசத்திலை முதல் நாள் இந்த ஆக்களும் மச்சம் மாமிசம் தொடமாட்டினமாம். உள்ளி, வெங்காயமும் இல்லையாம்."

முதற் பிடியை யன்னலில் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டேன். தெருவெல்லாம் சீனவெடிச் சத்தம். ஒரு குருவிகூட வரவில்லை.

"சீனக் காகத்துக்கு உன்ரை கா கா விளங்குமோ?"

ஆனாலும் நான் யாருக்காகக் காத்திருந்தேன் என்பதை அவர் விடுதிக்காரருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மனிதர் யன்னலில் இருந்த சோற்றை ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து, தம் முன்னோருக்குப் படைத்திருந்த கிண்ணங்களின் பக்கத்தில் வைத்து, மூன்று ஊதுபத்தி கொளுத்தி, என்னையும் கும்பிடச் சொன்னார்.

கும்பிட்டுவிட்டு வந்து சாப்பிட்டேன்.