வளைவுக்கு வளைவு ஒரு கடகட

இரண்டு வருடத்துக்கு முந்தி, ஆடி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த சமயம். பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் வளைவு ரோட்டில்தான் அந்தச் சத்தத்தை முதல் தடவை கேட்டேன்.

நான் குவைத்தில் ஒன்பது வருடம் வீட்டு வேலை பார்த்தவள். கையில் மிஞ்சியதைப் போட்டு, நாலைந்து பேர் ஓட்டிக் களைத்துப்போன ஒரு பழைய கார் வாங்கினேன். எங்கள் தோட்டத்து டீச்சர்மார் மூன்று பேரைக் காலையில் ஹட்டன் பள்ளிக்கூடத்தில் விட்டு, பின்னேரம் கூட்டி வருவதுதான் என் ஹயர். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு பொம்பளை கார் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. நான் சாவியை எடுத்தாலே, பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள், "கோழியெல்லாம் உள்ள புடிச்சிப் போடுங்கடி, மகாராணி கெளம்பிட்டாங்க" என்பார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வரும்.

தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரும் இந்தக் கிண்டலில் சளைத்தவர் இல்லை. ஒருநாள் பஸ்ஸுக்கு வழிவிடப்போய்ப் பள்ளத்து ஓரம் வரை டயர் போய்விட்டது. வீட்டில் வந்து சொன்னால், "நீ கெடக்கட்டும், பஸ்ஸுக்காரன் பொழைச்சானா?" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது, அது மட்டும் எனக்குச் சுருக்கென்றது.

அந்த வாரத்திலேயே சத்தம் தொடங்கியது. நேர் ரோட்டில் ஒன்றும் இல்லை. வளைவில் திருப்பினால் முன்பக்கம் கடகட, அப்புறம் ஒரு டக். நம் ரோட்டில் வளைவுக்கா பஞ்சம்? ஹட்டன் போய்ச் சேர்வதற்குள் டீச்சர்மார் மூன்று பேரும் எல்லாக் கடவுள் பெயரையும் சொல்லி முடித்துவிடுவார்கள்.

டவுன் கராஜில் வண்டி பழுது பார்க்கும் பாஸிடம் காட்டினேன். சிங்கள ஆள், நல்ல மனுசன், என்னை 'நங்கி' என்று தங்கச்சி முறை வைத்துத்தான் கூப்பிடுவார். பஸ் ஹார்ன் சத்தத்துக்கு நடுவில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டியரிங் ரெக் போயிருச்சி நங்கி, மாத்தத்தான் வேணும்" என்றார். கூலியோடு எழுபதாயிரம். அன்றைக்குப் பின்னேரமே மூத்த டீச்சர், "கோவிச்சிக்காதீங்க அக்கா, திங்கக்கெழமைக்குள்ள இது நிக்கலைன்னா நாங்க வேன்ல போயிடுறோம்" என்றார். ஹயர் போனால் கார் போகும். கார் போனால் என் ஒன்பது வருடம் போகும். விற்க மிச்சமிருந்தது காதில் கிடந்த தோடு மட்டும்தான்.

தோட்டைக் கழற்றவும் போனேன். ஆனால் மனசு கேட்கவில்லை. குவைத்தில் வீட்டம்மா வீசச் சொன்ன வாஷிங் மெஷினைக் குடைந்து, உள்ளே கிடந்த சட்டைப் பொத்தானை எடுத்து ஓட வைத்தவள் நான். சத்தம் எப்போது வருகிறது என்பதை விட, எப்போது வரவில்லை என்று பார்க்க வேண்டும். அதை நான் கற்றது அந்த மெஷினிடம்தான்.

சனிக்கிழமை காலை, தோட்டத்துப் பந்து விளையாடும் கிரவுண்டுக்குக் காரைக் கொண்டுபோனேன். வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். வண்டியை நிறுத்திவைத்து ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினேன். சத்தமே இல்லை. மெதுவாக வட்டம் அடித்தேன். இடதுபக்கம் திரும்பினால் சத்தம் வலதுபக்கம் ஓடியது, வலதுபக்கம் திரும்பினால் இடதுபக்கம் ஓடியது. கடைசியாக எஞ்சினை அணைத்துவிட்டு, அவரை இறங்கி வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னேன்.

கடகட, டக்.

எஞ்சின் ஓடவில்லை, ஸ்டியரிங் அசையவில்லை, சத்தம் மட்டும் வருகிறது. அப்படியென்றால் ஏதோ ஒன்று உள்ளே உருளுகிறது. ரெக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவர் உள்ளே ஏறினார், கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. எஞ்சினைப் போட்டுச் சூடான காற்றைத் திறந்தேன். வலதுபக்கக் கண்ணாடி தெளிந்தது. இடதுபக்கம் அப்படியே மங்கலாக இருந்தது. ஒரு வாரமாகவே டீச்சர்மார் அந்தப் பக்கத்தைத் துணியால் துடைத்துக்கொண்டு வந்தது அப்போதுதான் உறைத்தது. சத்தமும் ஒரு வாரம், மங்கலும் ஒரு வாரம். கண்ணாடிக்குக் கீழே காற்று வரும் இடத்தில் கையை வைத்தேன். இடதுபக்கம் காற்றே இல்லை. அந்தப் பக்கத்து ஓட்டையை மூடும் ஜாலி, நான் வாங்கும்போதே உடைந்திருந்தது. அதற்கு முன்னால்தான் முருகன் படத்தை வைத்திருந்தோம்.

"ஏங்க, இதுக்குள்ள ஏதோ விழுந்திருக்கு."

வீட்டுக்காரர் கண்ணாடியை வழக்கத்தில் இல்லாத வேகத்தில் துடைத்தார். "மழை விடட்டும் புள்ள, நாளைக்கிப் பாக்கலாம்."

"நாளைக்கி எதுக்கு? என்னத்தப் போட்டீங்க?"

துடைப்பதை விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். நான் பள்ளத்து ஓரம் போன அன்றைக்கு, பத்து ரூபா காசு ஒன்றும் ஒரு ரூபா காசு ஒன்றும் மஞ்சள் துணியில் முடிந்து, எனக்கும் வண்டிக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று நேர்ந்து, முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். மறுநாள் பார்த்தால் காணோம். நான்தான் எடுத்துவிட்டேன், கேட்டால் கிண்டல் பண்ணுவேன் என்று பயந்து அவர் வாயே திறக்கவில்லை.

வீட்டுக்குப் போய்க் கம்பியை வளைத்து அந்த உடைந்த ஜாலிக்குள் விட்டேன். முதலில் வந்தது மஞ்சள் துணி, முடிச்சு அவிழ்ந்து ஈரமாக. பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி இறக்கினோம். ஒவ்வொன்றாக இரண்டு காசும் ஒட்டிக்கொண்டு மேலே வந்தன. வண்டிக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வைத்த காசுதான் ஒரு வாரமாக என் தோட்டையே விற்க வைக்கப் பார்த்திருக்கிறது. அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை, எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

திங்கட்கிழமை ஹட்டன் வரை ஒரு கடகடவும் இல்லை. மூத்த டீச்சர், "என்ன அக்கா, வேற கார் மாதிரி இருக்கு" என்றார். நேராக பாஸிடம் போய் அந்த இரண்டு காசையும் மேசையில் வைத்தேன். வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தார். ரெக் நன்றாகத்தான் இருந்தது. "எங்க ஆளுங்களும் இப்பிடிக் காசு கட்டுவாங்க நங்கி, எனக்குத் தோணலையே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். கூலி ஒன்றும் வாங்கவில்லை. இப்போது அவரிடம் யார் சத்தம் என்று வந்தாலும் முதல் கேள்வி, "உள்ள சாமிக் காசு வச்சிருக்கா?" என்பதுதானாம்.

கோயில் உண்டியலில் அந்தக் காசை நாங்கள் இரண்டு பேருமாகப் போட்டோம். தோடு இன்னும் என் காதில்தான் இருக்கிறது, டீச்சர்மாரும் என் காரில்தான் வருகிறார்கள். மற்றவர்களோடு சேர்ந்து அவர் என்னைக் கிண்டல் பண்ணும்போது இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் மஞ்சள் துணியில் முடிந்த பயம் ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.