ஆறாவது கண்டிஷன்

திருவாரூரில் எங்கள் வக்கீல் ஆபீஸுக்கு வெப்சைட் வந்தபோது, எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இ-மெயில் என்றால் என்னவென்றே தெரியாது. வளைகுடாவுக்குப் போனவர்களின் வீட்டு வழக்குகள்தான் எங்களிடம் அதிகம். அவர்கள் அங்கிருந்தே விவரம் கேட்கட்டும் என்று ஜூனியர் சுரேஷ் அதைச் செய்து வைத்தார். டைப்பிஸ்டான எனக்கு, வந்த மெயிலைப் பிரின்ட் எடுத்து சீனியர் மேஜையில் வைக்கும் வேலை கூடியது. “ஸ்டெல்லா, ஷார்ஜா தபால் வந்தாச்சா?” என்று கேட்டுக்கொண்டேதான் வரதராஜன் சார் செருப்பைக் கழற்றுவார். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று இருக்கிறது.

வெப்சைட்டைத் திறந்ததும் இங்கிலீஷில் ஒரு பக்கம் நிபந்தனைகள் வரும். இதில் உள்ளது சட்ட ஆலோசனை அல்ல, எழுதி அனுப்புவதால் மட்டும் நாங்கள் உங்கள் வக்கீல் ஆகிவிட மாட்டோம் என்று போகும். அனுப்பும் விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் பொறுப்பு எங்களுக்கு இல்லை என்பது ஆறாவது கண்டிஷன். கீழே ‘சம்மதம்’ பட்டன். டைப் அடித்த என்னைத் தவிர வேறு யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் வக்கீலிடம் கதையைச் சொல்லிவிட்டால் கேஸைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். வக்காலத்தில் கையெழுத்தெல்லாம் அப்புறம்தான்.

ஒருநாள் காலை, கூத்தாநல்லூர் ஹமீது ஷார்ஜாவிலிருந்து நீளமாக எழுதியிருந்தார். அவர் குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பங்கு கேட்டு அண்ணன் கேஸ் போட்டிருந்தார். அத்தா உயிரோடு இருக்கும்போதே அந்த வீட்டைத் தனக்கு வாய்மொழியாக ஹிபா, அதாவது தானம், கொடுத்துவிட்டார் என்பது ஹமீதின் கட்சி. அதற்கு இருக்கும் ஒரே சாட்சி யார், அவரை அண்ணன் எப்படிக் கலைத்துவிடலாம் என்கிற பயம் வரைக்கும் கொட்டியிருந்தார். சார் முழுவதும் படித்தார். கேஸ் நம்பர் கடைசி வரியில் இருந்தது. அந்த அண்ணன் யூசுப் பாய் எங்கள் கட்சிக்காரர்.

அன்றைக்குத்தான் முதல் வாய்தா. யூசுப் பாய், சாருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து, பேரீச்சம்பழப் பெட்டியோடு ஹமீதின் மனைவி ஜமீலா வந்து நின்றார்.

“வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்லயே சம்மதம் கொடுத்துட்டாராம். எந்தக் கோர்ட்டுக்கு வரணும்னு கேட்டுட்டுப் போலாம்னு...” என்றவர் யூசுப் பாயைப் பார்த்துவிட்டார். “மச்சான், நீங்க இங்க எதுக்கு?”

யூசுப் பாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது.

“தம்பி எழுதியிருக்கானா? என்னன்னு சொல்லுங்க சார்.”

ஜூனியர் சுரேஷ், சாரின் காதருகே குனிந்து, “நம்ம ஆறாவது கண்டிஷன்படி தடை ஒண்ணும் இல்ல சார்” என்றார்.

“கண்டிஷன் நம்மளக் காப்பாத்த எழுதினது சுரேஷ். இந்தம்மாவ யாரு காப்பாத்துவா?” என்ற சார், யூசுப் பாய் பக்கம் திரும்பினார். “படிச்சத என்னால மறக்க முடியாது பாய். மனசுல வச்சுக்கிட்டு உங்களுக்கும் நடத்த முடியாது. வேற வக்கீல் பாத்துக்குங்க.”

“அப்ப எங்களுக்கு நீங்கதானே?” என்றார் ஜமீலா.

“பாயோட கதையையும் கேட்டவன் நான். உங்களுக்கும் வரக் கூடாதும்மா.”

“எங்க கதையெல்லாம் படிச்சுட்டு இப்ப இல்லைன்னா என்னங்க நியாயம்?” அவர் அழுதேவிட்டார். எனக்கும் சார் மேல் கோபம்தான்.

சார் வக்காலத்தை மாற்றிக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்று எழுதி, கேஸ் கட்டை யூசுப் பாயிடம் கொடுத்தார். ஹமீது மெயிலின் பிரின்ட்டை எல்லார் முன்னாலும் கிழித்தார். கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழிக்கச் சொன்னார். வேறொரு வக்கீலைப் பார்த்து அவகாசம் வாங்க ஜமீலாவை நான்தான் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனேன்.

சாயங்காலம் வெப்சைட்டின் தலையில் தமிழில் போட்டோம்: ‘கதையை எழுதாதீர்கள். உங்கள் பெயர், எதிராளி பெயர் மட்டும் போதும்.’ நிபந்தனை என்பது படிக்காமல் அமுக்குகிறவருக்கும் சேர்த்து எழுத வேண்டியது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கேஸ் வருஷக்கணக்கில் நடந்தது. சாட்சி கலையவில்லை, வீடு ஹமீதுக்கே நின்றது. தீர்ப்பு வந்த வருஷம் ரம்ஜானில் ஜமீலா ஒரு தூக்கு நிறைய நோன்புக் கஞ்சியோடு பஸ் ஏறி வந்தார்.

“யாருக்கும்மா இது?” என்று கேட்டேன்.

“எங்களுக்கு வர மாட்டேன்னு சொன்னாங்கள்ல, அந்த வக்கீலுக்கு.”

கஞ்சி ஆறிப்போயிருந்தது. சார் இரண்டு டம்ளர் குடித்தார்.