ரேஞ்ச் ஆபீசர் உஷாராணி

என் மனைவி உஷாராணி குரலை உயர்த்தவே மாட்டாள். உயர்த்தினாலாவது பதிலுக்கு நாமும் நாலு கத்து கத்திவிட்டுப் போகலாம். அவள் நின்ற இடத்திலேயே நின்று, சொன்னதையே இன்னொரு முறை சொல்வாள். அந்த இரண்டாவது முறையில் தப்பு யார் மேல் என்று நமக்கே தெரிந்துவிடும். இருபத்தோரு வருடமாக அனுபவிக்கிறவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அவளுக்கு வேலை அரியூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில். ஆபரேஷனுக்குப் போகிற கத்தி, கத்தரி, இடுக்கியெல்லாம் கழுவி, ஆவியில் வைத்து எடுத்து, எண்ணிக் கட்டி அனுப்புகிற பிரிவு. பதினேழு போனால் பதினேழு திரும்பி வர வேண்டும். பதினாறு வந்தால் பெரிய டாக்டராக இருந்தாலும் கதவருகே நிறுத்திவைத்துத் தேடச் சொல்வாள். நான், பாக்யராஜ், ஏசி மெக்கானிக். ‘இப்பத்திக்கு ஓடும் சார், பார்த்துக்கலாம்’ என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறவன். எங்கள் இரண்டு பேருக்கும் யார் பொருத்தம் பார்த்தார்களோ தெரியவில்லை. பார்த்தவர்கள் கொஞ்சம் அவசரத்தில் இருந்திருக்க வேண்டும்.

துப்பாக்கி ஆசை முதலில் எனக்குத்தான் வந்தது. வில்லியனூரைத் தாண்டிக் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே உலகநாதன் ஐயாவின் பழைய உரக் குடோன் இருக்கிறது. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நிலபுலன் உண்டு, பொழுதுதான் போகவில்லை. குடோனைச் சுத்தம் செய்து ஒரு கிளப் ஆரம்பித்தார். அவருடைய ஆபீஸ் அறைக்கு ஏசி மாட்டப் போன நான், கையில் ஒரு பிஸ்டலோடு திரும்பி வந்தேன். நிஜத் தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை. கேஸ் அடைத்து, ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு சுடுகிறது. ஆனால் பார்ப்பதற்கு அசல். எடையும் அசல். விதியும் அசலுக்கு உள்ள விதியேதான், ஒரு எழுத்துகூடக் குறையாது.

இது ஒரே இடத்தில் நின்று வட்டத்தைக் குறிபார்க்கிற விளையாட்டு இல்லை. பிளைவுட் தடுப்புகளுக்கு நடுவே ஓட வேண்டும், குனிய வேண்டும், ஓடிக்கொண்டே குண்டு அடைத்த மேகசினை மாற்ற வேண்டும். அங்கங்கே அட்டை ஆட்கள் நிற்பார்கள். நடுநெஞ்சில் பட்டால் ஐந்து புள்ளி, ஓரத்தில் பட்டால் குறைவு. வெள்ளை அட்டை ஒன்று நடுவே நிற்கும். அது பொதுஜனம். அதைச் சுட்டால் புள்ளி கழியும். கடைசியில் வாங்கிய புள்ளியை எடுத்துக்கொண்ட வினாடியால் வகுப்பார்கள். வேகமாகச் சுட்டுத் தவறவிட்டாலும் போச்சு, நிதானமாகச் சுட்டு எல்லாம் அடித்தாலும் போச்சு. நான் இரண்டாவது ஜாதி.

ஞாயிற்றுக்கிழமை தோறும் இந்த மனுஷன் எங்கே போகிறான் என்று பார்க்க உஷா ஒருநாள் கூடவே வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் மூன்று அட்டையை வரிசையாக வீழ்த்திவிட்டுப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தால், அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மேசைமேல் கிடந்த விதிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் புத்தகம். தெரியாத வார்த்தைக்குப் போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்து நாலு மாதத்தில் முழுசாக முடித்தாள். கிளப்பில் அதை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவள்தான், உலகநாதன் ஐயா உள்பட.

சுடுவதில் அவளுக்கு அவ்வளவு ருசி இல்லை. ஆனாலும் கற்றுக்கொண்டாள். பெல்ட்டு தளர்ந்து தொங்கக் கூடாது, குறைந்தது மூன்று காதுகளில் நுழைந்து நிற்க வேண்டும் என்று விதி. சுடிதார் பேண்டுக்கு ஏது காது? வில்லியனூர்க் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிற தனக்கொடியிடம் போய், “இடுப்புல சுத்தி அஞ்சு லூப் வையிக்கா, ஒரு கிலோ தொங்குனாலும் பிய்யக் கூடாது” என்றாள். “இன்னாத்தடி தொங்கவிடப் போற?” என்று தனக்கொடி கேட்க, “துப்பாக்கி” என்று இவள் சாதாரணமாகச் சொல்ல, அன்றிலிருந்து தனக்கொடி எங்கள் துணியை மட்டும் சொன்ன தேதிக்குத் தைத்துக் கொடுத்துவிடுகிறாள்.

உஷாவுக்குப் பிடித்தது ரேஞ்ச் ஆபீசர் வேலை. சுடுகிறவனின் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், டைமரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிற வேலை அது. ரேஞ்ச் ஆபீசர் பார்ப்பது குறியை அல்ல. துப்பாக்கி வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, ஓடும்போது விரல் விசையை விட்டு வெளியே இருக்கிறதா, இவ்வளவுதான். விரல் உள்ளே இருந்தால் உஷா ஒரே ஒரு முறை “ஃபிங்கர்” என்பாள். பாய்ந்தடித்துக்கொண்டு ஓடுகிற இருபது வயதுப் பையன்கள் அந்தக் குரலுக்கு விரலை வெடுக்கென்று எடுப்பதைப் பார்க்க வேண்டும். சுடுகிற கோட்டுக்குள் வந்துவிட்டால் என்னையும் “ஷூட்டர்” என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் “யோவ்”. எனக்கு ஷூட்டர்தான் பிடித்திருந்தது, ஒரு மரியாதையாக இருந்தது.

இந்த வருடம் தை கழிந்து ஒரு தேர்வுப் போட்டி வைத்தார்கள். முதல் நான்கு பேர் அணியாகப் புனேவில் நடக்கிற பெரிய போட்டிக்குப் போவார்கள். அந்த நான்கில் ஒருவனாக வந்துவிட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாற்பத்தாறு வயதுவரை நான் எதிலும் ஜெயித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சாக்கு ஓட்டத்தில்கூட ஆறாவது. கையில் பெட்டியோடு ரயில் ஏறி, ‘எங்கே போறீங்க’ என்று யாராவது கேட்டால் ‘டீம்ல இருக்கேன்’ என்று ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உஷாவுக்கும் அன்று பரீட்சை. அதுவரை பயிற்சி ஆபீசராக இருந்தவளின் வேலையைப் பார்த்து, தேறினால் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டுத் தர, சென்னையிலிருந்து ஒரு மூத்த ஆபீசர் வந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, அளந்த பேச்சு.

ஆறு கட்டங்கள். அன்றைக்கு என் கைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, பட்டதெல்லாம் நடுநெஞ்சு. கடைசிக் கட்டமும் முடிந்து பலகையில் எழுதியபோது நான் நான்காவது. அன்புராஜ் என்கிற பையன் எனக்கு அடுத்து ஐந்தாவது, அரைப் புள்ளிகூட வித்தியாசம் இல்லை. உலகநாதன் ஐயா என் முதுகில் ஓங்கித் தட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த மிதப்பில்தான் குடோனுக்குப் பின்புறம், துப்பாக்கியைப் பையில் வைக்கிற மேசைக்குப் போனேன். அங்கே உஷா மட்டும் நின்று டைமருக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தாள். பெல்ட்டில் இருக்கிற உறையின் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது போலிருக்கிறது. நான் குனிந்து பையின் ஜிப்பை இழுக்க, பிஸ்டல் நழுவி என் காலிலேயே விழுந்தது.

விழுந்ததில் ஒன்றுமில்லை. காலித் துப்பாக்கி, ஆட்டம் முடிந்துவிட்டது. அப்படியே நிமிர்ந்து நின்று “ரேஞ்ச் ஆபீசர்” என்று கூப்பிட வேண்டும். அவர் வந்து எடுத்து, காலிதானா என்று பார்த்து, பையில் வைப்பார். விழுந்ததற்குத் தண்டனை கிடையாது. சுடுகிறவன் தானே குனிந்து எடுத்தால்தான் போட்டியை விட்டே வெளியே. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

ஆனால் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைத்துக் கும்பிட்ட பொருள் என் காலில் பட்டுவிட்டது. ஸ்பேனர் காலில் பட்டாலே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன் நான். விதிப் புத்தகம் மண்டைக்கு வருவதற்குள் கை போய்விட்டது. எடுத்தேன். பாதுகாப்புக் கண்ணாடி குறுக்கே நின்றது. கண்ணில் ஒற்றிக்கொள்ள இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டேன். வலது கண்ணில் ஒற்றினேன், இடது கண்ணில் ஒற்றினேன்.

“ஷூட்டர். ஸ்டாப்.”

நான் கண்ணைத் திறந்தேன். உஷா டைமரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஷூட்டர். ஸ்டாப். மேசை மேல வச்சிட்டு ரெண்டடி பின்னாடி போங்க.”

வைத்தேன். போனேன். அவள் வந்து துப்பாக்கியை எடுத்து, காலிதான் என்று பார்த்து, பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். “டிஸ்குவாலிஃபைட்” என்றாள். அந்த வார்த்தையை அவள் எவ்வளவு சுத்தமாக உச்சரித்தாள் என்பதுதான் எனக்கு முதலில் எரிந்தது.

“உஷா, யாரும் பாக்கலடி” என்றேன்.

“நான் பாத்தேன்.”

சத்தம் கேட்டு உலகநாதன் ஐயா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. “ஏம்மா, சாமி பொருள் கால்ல பட்டுச்சின்னு ஒத்திக்கினான். பிளாஸ்டிக் குண்டும்மா இது. வுழுந்தத நீ எடுத்து வச்சேன்னு முடிச்சிடு. உன் புருஷன் புனேக்குப் போவணுமா வாணாமா?”

“போவணும் ஐயா. எனக்கு ஆசை இல்லியா? ஆனா நான் எடுக்கல, அவரு எடுத்தாரு.”

அதற்குள் வெள்ளைத் தொப்பிக்காரரும் வந்துவிட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். கண்ணாடியைத் தூக்கியதைக்கூட விடாமல் சொன்னாள். அவர் குறித்துக்கொண்டு, “வேற சாட்சி?” என்றார். “இல்ல சார்.” அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க அப்பீல் பண்ணலாம். நீங்க எடுக்கலன்னு சொன்னா, ஒருத்தர் பேச்சு மட்டும்தான் இருக்கு, அதுவும் பயிற்சி ஆபீசர் பேச்சு. நான் உங்க பக்கம்தான் முடிவு பண்ண வேண்டியிருக்கும். என்ன சொல்றீங்க?”

அவர் முதுகுக்குப் பின்னால் நின்று உலகநாதன் ஐயா எனக்குத் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். ‘இல்ல’ன்னு சொல்லு, ‘இல்ல’ன்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. எனக்கு உஷா மேல் அப்படி ஒரு கோபம். இருபத்தோரு வருடத்தில் இவளுக்கு எத்தனையோ விட்டுக்கொடுத்திருக்கிறேன், இவள் எனக்காக ஒரு கண்ணை மூடக் கூடாதா? ‘இல்ல சார்’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவளைப் பார்த்தேன். கெஞ்சுகிற பார்வை இல்லை. முறைக்கவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, பழைய பேட்டரியை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் எந்த டாக்டரையும் கண்ணுக்கு நேராகப் பார்க்கிறவள்.

“எடுத்தேன் சார்” என்றேன். “கண்ணாடியத் தூக்கிட்டு ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டேன். அவங்க சொன்னது அத்தனையும் கரெக்டு.”

உலகநாதன் ஐயா “போடா பாக்யராஜ்” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். பலகையில் என் பேரை அழித்தார்கள். அன்புராஜ் வந்து, “அண்ணே, நான் இன்னா சொல்றதுன்னே தெரியல” என்றான். “நல்லா சுடுடா” என்றேன், வேறென்ன சொல்வது. உஷாவுக்குக் கையெழுத்துப் போட்ட தாளை ஆபீசர் அங்கேயே கொடுத்தார். அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

திரும்பும்போது வண்டியைக் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினேன். வில்லியனூர் ரயிலடிக்குப் போகும் வழியில், கரும்புச் சாறு பிழிகிற வண்டிக்கருகே “நிறுத்துய்யா” என்றாள். இரண்டு கிளாஸ் வாங்கி ஒன்றை என் கையில் கொடுத்தாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது.

“கோவமா?”

“இல்லாம? காலித் துப்பாக்கிடி அது.”

“காலின்னு எனக்கும் தெரியும்.” அவள் சாற்றைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். “நீ கண்ணாடியத் தூக்குனியா, துப்பாக்கி வாய் உன் கண்ணுக்கு நேரா போச்சா, எனக்கு அது மட்டுந்தான் தெரிஞ்சிது. ஸ்டாப்னு சொன்னப்ப ரூலு ஞாபகத்துல இல்லய்யா. நீதான் இருந்த.”

நான் என் கிளாஸைக் காலி செய்து வண்டி ஓரத்தில் வைத்தேன்.

“அந்த ஆபீசர் உன்னக் கேட்டாரு பாரு. நீ இல்லன்னு சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பேன் தெரியுமா?”

“இன்னா பண்ணியிருப்ப? பேசாம இருந்திருப்ப, பத்து நாளைக்கு.”

“அதெல்லாம் இல்ல. வூட்டுக்கு வந்து சோறாக்கியிருப்பேன். சண்டகூடப் போட்டிருக்க மாட்டேன். புனேக்குத் துணி மடிச்சி வச்சிருப்பேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஆனா இனிமே உன் முதுகுக்குப் பின்னாடி வந்து நின்னிருக்க மாட்டேன். வேற யாரையாச்சும் நிக்கச் சொல்லிட்டிருப்பேன். நீ வாயத் தொறக்கற வரைக்கும் எனக்கு அந்தப் பயந்தான். சர்டிபிகேட்டு போனா போவுது.”

அந்த நான்காவது இடம் போனது எனக்கு இன்றும் வலிக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ‘இல்ல சார்’ நாக்கு நுனியிலிருந்து தவறி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதை நான் அவளிடம் இதுவரை சொன்னதில்லை. எவ்வளவு தூரம் வந்து திரும்பினேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.