யாருடைய கம்பளி?

எங்கள் இரண்டாம் குழந்தை இராயபுரத்து மகப்பேற்று மனையொன்றில் மாதம் நிறையாமல் பிறந்தது. மார்கழி மாதம். கடலை நோக்கிய சன்னல்களைச் சாத்தினாலும் இடுக்குகளின் வழியே குளிர் புகுந்துவிடும். குழந்தையின் தலை என் உள்ளங்கைக்குள் அடங்கிற்று. எப்போது தொட்டாலும் சில்லென்றே இருந்தது. தலையில் சூடு நிற்காவிட்டால் பால் குடிக்கத் தெம்பு வராது, தெம்பு வராவிட்டால் பிழைப்பது அரிது என்று தலைமைச் செவிலி ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு ஒரு கம்பளிக் குல்லாவையும் என் மடியில் வைத்தார். செல்வர் வீட்டுப் பெண்கள் சிலர் குல்லாக்களையும் காலுறைகளையும் தம் கையாலேயே பின்னி, வாரந்தோறும் அங்கே கொண்டுவந்து கொடுப்பதுண்டு. அவற்றுள் ஒன்று அது.

நான் அதை அணிவிக்கவில்லை. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உடுத்துவது எங்கள் வழக்கமன்று. பழந்துணியே உடுத்துவோம், அதுவும் நோய்நொடியின்றி வாழ்கிறவர் உடுத்தியதாக இருத்தல் வேண்டும். என் கணவருடைய வேட்டியைக் கிழித்துத்தான் குழந்தையைச் சுற்றியிருந்தேன். இந்தக் குல்லாவோ புதிதாகவும் தோன்றவில்லை. பலமுறை வெளுத்ததுபோல் நிறம் மங்கி, சவுக்கார வாடை வீசிற்று. அப்படியானால் எனக்குமுன் இதை வைத்திருந்தவர் யார்? இதற்குள் இருந்த தலை எது?

அடுத்த கட்டிலில், எண்ணூர்ப் பக்கத்து மீனவப் பெண் ஒருத்தி மூன்றாம் பிள்ளையைப் பெற்றுப் படுத்திருந்தாள். என் ஐயத்துக்கு அவளே உருவம் கொடுத்தாள்.

“போடாத தங்கச்சி. நல்லா கீற புள்ளையோட குல்லாவ எவளாச்சும் தூக்கிக் குடுப்பாளா? அத்து போய்ச் சேந்திருக்கும், இத்த இங்க தள்ளிட்டாங்க.”

“இங்க குடுக்கறதுக்குன்னே பின்னினதுன்னு சொல்றாங்களே, அக்கா?”

“சொல்லத்தான் சொல்லுவாங்க. நீ கூட இருந்து பாத்தியா?”

முதற்குழந்தையை மூலக்கொத்தளத்து இடுகாட்டில் புதைத்து ஓராண்டு முடிந்திருக்கவில்லை. அதன் சட்டைகளை வீட்டில் வைத்திருக்க மனம் ஒப்பாமல், என் கணவர் ஒருநாள் மூட்டையாகக் கட்டி எடுத்துச்சென்று வெறுங்கையுடன் திரும்பினார். எங்கே கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. பிறர் வீட்டு மூட்டைகளும் எங்கேனும் போய்ச் சேர்ந்துதானே ஆகவேண்டும்?

பள்ளியில் ஊசிப்பின்னல் கற்றவள் நான். செவிலி அகன்றதும் குல்லாவை உட்புறம் திருப்பினேன். பின்னி முடித்தபின் நூலின் நுனியை உள்ளே செருகி மறைப்பார்கள். அந்த நுனி பின்னலிற் சேராதது; புதுநூலாயின் நேராகவே இருக்கும். நான் உருவியெடுத்த நுனியோ நெளிநெளியாகச் சுருண்டது. வேறெதையோ பிரித்தெடுத்த நூல்.

“பாத்தியா!” என்றாள் அவள். “எத்தப் பிரிச்சாங்களோ!”

மறுநாள் கூடைகளுடன் அப்பெண்கள் வந்தார்கள். அவர்களுள் ஒருவர் என் கட்டிலருகே நின்று, தலையணைமேல் கிடந்த குல்லாவைக் கண்டார்.

“இது நான் பின்னினதாச்சே! ஏம்மா போடலை? வெந்நீர்ல நல்லாக் கொதிக்கவெச்சுத்தான் குடுத்தேன்.”

அழுக்குக்கு அஞ்சினோம் என்று எண்ணினார் போலும்.

“இந்த நூல் எதுலேருந்து பிரிச்சதும்மா?” என்று கேட்டேன்.

அவர் முகம் கன்றிற்று. உடன்வந்தவர்கள் கேட்டுவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தார். என் ஐயம் இருமடங்காயிற்று.

“மெதுவாப் பேசு. கடையில கம்பளி நூல் கிடைக்கலை. எங்க வீட்டுக்காரரோட ஸ்வெட்டரைப் பிரிச்சுட்டேன். அவங்ககிட்டச் சொல்லிடாதே, புது நூல்லதான் பின்னணும்னு பேச்சு.”

“வூட்டுக்காரு கீறாரா?” என்றாள் அடுத்த கட்டில்காரி.

“என்னது?”

“உசுரோட கீறாரான்னு கேக்கறேன்மா.”

“வாசல்ல வண்டியில உக்காந்திருக்கார்!”

“அப்போ காட்டு.”

அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்துவிட்டாள். குழந்தையை அணைத்தபடி நானும் சன்னலுக்குச் சென்றேன். கீழே குதிரைவண்டியில் பருத்த மனிதர் ஒருவர் அமர்ந்து, கைக்குட்டையில் அடுக்கடுக்காகத் தும்மிக்கொண்டிருந்தார்.

“ஆளு தொப்பையும் தொந்தியுமாத்தான் கீறாரு. ஆனா தும்முறாரே?”

“ஸ்வெட்டர் இல்லாமத்தான் தும்மறார்!” என்றார் அந்த அம்மாள், அழுகையும் சிரிப்புமாக.

வேறு யாரையேனும் காட்டித் தப்பப் பார்க்கிறாரோ என்று எனக்கு அப்போதும் தோன்றிற்று. அந்நேரத்தில் வண்டியிலிருந்தவர் நிமிர்ந்து சன்னலைப் பார்த்தார்.

“இன்னும் எத்தனை நாழி? வரப்போறியா, நான் கிளம்பட்டுமா?”

“புருசன்தான்” என்று தீர்ப்பளித்தாள் மீனவப் பெண். “வேற எவன் இப்பிடிக் கத்துவான்? போடு தங்கச்சி. எம்மா, அந்தச் சட்டையில கை கிய்யி மிச்சம் கீதா? எம் புள்ளைக்கும் ஒண்ணு பின்னிக் குடு.”

குல்லாவை அணிவித்தேன். அது புருவம்வரை இறங்கிற்று. பிற்பகலில், நெடுநாழிகை கழித்து, அதன் அடியில் விரலை நுழைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அது கம்பளியின் சூடா, குழந்தையின் சூடா? நம்பிக்கை வராமல் குல்லாவைக் கழற்றி, தலைமேல் என் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். குழந்தை வெகுண்டு அலறிற்று. அத்துணை உரத்த குரலை அதனிடம் அதுவரை நான் கேட்டதில்லை.