அப்பாவின் முதுகை இரண்டு பேர் வரைந்தோம்

எங்கள் வீட்டில் படம் வரைகிறவள் நான் ஒருத்திதான் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயமாக இருந்தது. அப்பாவுக்குக் கம்பெனி, அம்மாவுக்குத் தையல் மெஷின், எனக்குப் படம். பாகலூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பேச்சும் ஒரே குழாயடியில்தான் தண்ணீர் பிடிக்கும். யார் என்னை அடையாளம் சொன்னாலும் படம் போடுகிற பெண் என்றுதான் சொல்வார்கள். ஏழாம் வகுப்பில் இருந்தவளுக்கு அந்தப் பேர் போதுமானதாக இருந்தது. அதற்குக் கர்வம் என்று பெயர் உண்டு என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த ஆண்டு ஆடி முடிந்ததும் அக்கா வந்து சேர்ந்தாள். பெரியப்பாவின் மகள். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமத்தில் படித்து, ஓசூரில் ஒரு கல்லூரியில் பிசியோதெரபி படிக்க இடம் வாங்கியிருந்தாள். அது என்ன படிப்பு என்று பெரியப்பாவுக்கே சரியாகத் தெரியாது. டாக்டருக்கு அடுத்தபடி என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பா வீடு இருக்கும்போது பெண் எதற்கு ஹாஸ்டலில் இருக்க வேண்டும் என்று அப்பாதான் அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். பின்னறையை எனக்கும் அவளுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவள் கொண்டுவந்த புத்தகத்தில் தோல் இல்லாத மனிதர்கள் இருந்தார்கள். சிவப்பு நார்களைச் சுற்றிக்கொண்டு, கைகளை விரித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அக்காவுக்கு வரையத் தெரியாது. கல்லூரியில் எலும்புகளையும் தசைகளையும் வரைந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் வரைந்த உள்ளங்கை வாழைச் சீப்பு மாதிரி இருந்தது. தொடை எலும்பைப் பார்த்து அம்மா, இது என்ன முருங்கைக்காயா என்று கேட்டாள். அவள் என்னிடம்தான் வந்தாள். நான் வரைந்து கொடுத்தேன். முன்னங்கை, முட்டி, விலாக்கூடு என்று வாரத்துக்கு இரண்டு படமாவது போகும். கல்லூரிக்கே படம் போட்டுக் கொடுக்கிறேன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டேன். கேட்ட பெண்கள் நம்பவில்லை. இருந்தாலும் கேட்டார்கள்.

ஒருநாள் அக்கா, இனிமேல் வேண்டாம் என்றாள். கையால் வரைந்தால்தான் மனசில் நிற்கும் என்று அவர்கள் மேடம் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அவள் சாயங்காலம் தரையில் உட்கார்ந்து தானே வரைய ஆரம்பித்தாள். முதலில் தன் தோள்பட்டையைத் தடவிப் பார்ப்பாள். கண்ணை மூடிக்கொண்டு எலும்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தேடுவாள். பிறகு வரைவாள். பிடிக்காவிட்டால் அழிக்காமல் பக்கத்திலேயே மறுபடி வரைவாள். ஒரே முழங்கை ஒரு தாள் முழுக்கப் படர்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி தின்னும்போது கால் எலும்பைப் பிடித்து, ஒட்டிக்கொண்டிருந்த நரம்பை இழுத்து விரல் மடங்குகிற விதத்தை எனக்கு விளக்கினாள். அம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா மட்டும் சிரித்துக்கொண்டு, இன்னொரு தடவை இழுத்துக் காட்டச் சொன்னார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்காமல் போனது இன்னும் ஒன்று. பள்ளி ஆண்டு விழாவில் பரிசு வாங்கிய என் படத்தை, இடுப்பில் குடம் வைத்த பெண்ணை, கூடத்தில் ஒட்டியிருந்தோம். அதை இத்தனை நாள் பேசாமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்த அக்கா ஒரு காலையில் நின்று பார்த்தாள்.

"இவ கையத் தொங்கவிட்டா முட்டிக்குக் கீழ போவும்டி," என்றாள். "இடுப்புகிட்டதான் முழங்கை வரணும். உன் கையப் பாரு."

பார்த்தேன். இடுப்புக்கிட்டதான் இருந்தது. அவள் கல்லூரி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். நான் அந்தப் பெண்ணையும் குடத்தையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பரிசு கொடுத்தபோது யாருக்கும் தெரியாத அந்த நீளக் கை, இப்போது தன்னைத் தவிர வேறெதையும் பார்க்க விடவில்லை.

அதற்குப் பிறகு நான் வெறியோடு படித்தேன். அவள் கல்லூரிக்குப் போன நேரத்தில் அந்தத் தோலில்லாத மனிதர்களை எடுத்துவைத்துக்கொண்டு வரைந்தேன். முகத்தின் உயரத்தால் உடம்பை அளக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டேன். உள்ளங்கையை விரித்தால் முகவாயிலிருந்து நெற்றி வரை வரும் என்பதைக் கண்ணாடி முன் நின்று சரிபார்த்தேன். காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறவர்கள் எந்தக் காலில் எடையைப் போட்டு நிற்கிறார்கள், எந்தப் பக்கத்து இடுப்பு ஏறுகிறது என்று பார்த்தபடி பள்ளிக்குப் போனேன். முதுகுப் படம் எனக்கு முழு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரைவேன். அக்காவை ஜெயிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு மனித உடம்பின் மேல் வேறு அக்கறை எதுவும் கிடையாது.

அப்பா ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தார். நான் எத்தனையோ தடவை அவரை வரைய உட்காரச் சொல்லியிருக்கிறேன். ஷிப்ட் முடித்து வந்தவர், இன்னொரு நாள் கண்ணு, என்று சொல்லி அப்படியே படுத்துவிடுவார். தூங்குகிறவரை வரைந்தால் போர்வைதான் படமாக வரும். எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா, அவர் குளித்துவிட்டுச் சட்டை போடுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சித்தப்பா, எனக்கு ஒரு முதுகு வேணும்," என்று கேட்டபோது நான் உள்ளுக்குள் சிரித்தேன். அவர் சம்மதிக்கப் போவதில்லை.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு, பின்னறையில் ஸ்டூலைப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

நானும் அட்டையையும் தாளையும் எடுத்துக்கொண்டு போய் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் வரையாமல் முதலில் எழுந்துபோய் அவர் முதுகைத் தொட்டாள். கண் மை பென்சிலால் தோள்பட்டை எலும்பின் ஓரங்களைக் குறித்தாள். தையல் நூலை வைத்து நடு முதுகிலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அளந்தாள். கையை மேலே தூக்கச் சொன்னாள். இடது கை நேராக மேலே போனது. வலது கை மார்பு உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது; அதற்கு மேல் தோள் முழுவதும் காதை நோக்கி ஏறியதே ஒழிய கை போகவில்லை. அப்பா, "போதும்மா, கூச்சமா இருக்குது," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

நான் அளக்கவில்லை, தொடவும் இல்லை. மனப்பாடமாக இருந்த முதுகுக்கு அப்பாவின் தலையையும் கழுத்து மச்சத்தையும் வைத்தேன். இரண்டு தோளும் தராசுத் தட்டு மாதிரி அமைந்தன. நிழல் போட்டு முடித்துவிட்டு எட்டி அக்காவின் தாளைப் பார்த்தேன். அவள் வரைந்திருந்த அப்பாவுக்கு வலது தோள் கீழே இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்து எலும்பின் ஓரம் கதவு திறந்த மாதிரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. எலும்புக்கு மேலே, சதை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி.

எனக்கு வந்த சந்தோஷத்தை அடக்க முடியவில்லை.

"அம்மா, இங்க வந்து பாரு. அக்கா அப்பாவக் கோணலாப் போட்டு வெச்சிருக்கா."

அம்மா ஈரக்கையோடு வந்தாள். எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா ஏதோ துணி தைக்கக் கொடுக்க வந்திருந்தார்; அவரும் பின்னாலேயே வந்துவிட்டார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். வீட்டுக்காரம்மா என் படத்தைத் தொட்டு, "தும்பா சென்னாகிதே," என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அவர் கன்னடத்தில் சொன்னதை நானே அம்மாவுக்கு இன்னொரு தடவை சொன்னேன். அம்மா என் படத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் தாளைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அதற்குள் அவர் சட்டையைப் போட ஆரம்பித்திருந்தார், வலது கையை முதலில் நுழைத்து, இடது கையால் மீதியை இழுத்து.

அப்பா என் கையிலிருந்து இரண்டு தாளையும் வாங்கினார். பார்த்தார். என் படத்தை மேலே வைத்தார்.

"பாப்பா வரைஞ்சதுதான் சரி," என்றார். "இதுதான் நானு."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வீட்டுக்காரம்மாவைப் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா சித்தப்பா, தப்பாப் போட்டுட்டேன்," என்றாள்.

என் படம் கூடத்தில், குடம் வைத்த பெண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒட்டப்பட்டது. ஒட்டியவர் அப்பா. தெருவில் யார் வந்தாலும், பாப்பா என்னை எவ்வளவு நேராகப் போட்டிருக்கிறாள் பாருங்கள் என்று காட்டினார். கல்லூரியில் படிக்கிறவளைத் தோற்கடித்தவள் என்று நான் பள்ளியில் கொஞ்சநாள் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் கழுத்து வலிக்கிறது.

ஆனால் ஜெயித்தவளுக்குக் கிடைக்க வேண்டியது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அப்பா அக்காவோடு ஓசூருக்குக் கிளம்பினார். அவளுக்கு வரைதாள் வாங்க வேண்டுமாம். அப்பாவின் ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள், அப்பா பின்னால் உட்கார்ந்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை. அதன் பிறகு பல சனிக்கிழமைகள் அப்படியே போயின. அவ்வளவு தாள் வாங்கியும் வீட்டில் தாள் எதையும் காணோம். சாயங்காலங்களில் பின்னறையில் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ பேசினார்கள். தோற்றவளுக்கு அப்பாவே போய் ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். அதற்கு இத்தனை நாளா?

பிறகு ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சில் கோடுகள் தெரிய ஆரம்பித்தன. ஒன்றன்மேல் ஒன்றாகச் சின்னச் சின்னக் கோடுகள், மெல்ல மேலே ஏறிக்கொண்டு போயின. நான் சின்ன வயதில் அதே சுவரில் ரயில் வரைந்ததற்கு அம்மா என்னையே துடைக்க வைத்திருக்கிறாள். அக்கா கிறுக்கினால் மட்டும் கேட்க ஆளில்லையா என்று அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"அது அவ படிப்புக்கு. நீ அழிச்சிடாத," என்றாள் அம்மா, மெஷினை விட்டுத் தலையை எடுக்காமல்.

அழிக்கவில்லை. யாரும் இல்லாத ஒரு பிற்பகலில் ஸ்டூலைப் போட்டு ஏறி, எம்பி, அவர்களுடைய கோடுகளுக்கெல்லாம் மேலே, கை எட்டிய கடைசி இடத்தில் சிவப்புப் பென்சிலால் அழுத்தி ஒரு கோடு போட்டேன். கோடு போடுவதுதான் போட்டி என்றால் அதிலும் நான்தான் மேலே. திட்டு விழும் என்று கதவுக்குப் பின்னால் காத்திருந்தேன். அக்கா அதைப் பார்த்தாள். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அவ்ளோ மேலயா?" என்றார் அப்பா.

"ஆமா சித்தப்பா. இனிமே அதான்."

தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று நான் விளையாடப் போய்விட்டேன்.

அப்பாவின் தோள் இறுகிப்போய் அப்போது பல மாதங்கள் ஆகியிருந்தன. நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒருநாள் துணிக்குப் பொத்தான் வைத்துக்கொண்டே அம்மா இதைச் சொன்னாள். பொங்கல் முடிந்ததும் காண்ட்ராக்ட் ஆட்களைக் கம்பெனி டாக்டர் பார்ப்பார். இரண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். முந்தின வருஷம் அப்படித் தூக்க முடியாத பேரிகை ஊர்க்காரர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அதே கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள். அம்மாவிடம் சொன்னால் தையலுக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும் என்று அப்பா மறைத்தார். அம்மாவோ அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்காவின் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, தனக்குத் தெரியும் என்பதை அவரிடமே மறைத்தாள். அக்கா தன் கல்லூரி டாக்டர்களிடம் காட்டி, அவர்கள் சொன்ன பயிற்சியைத் தினமும் செய்ய வைத்தாள். சுவரில் விரலை ஏற்றுவது அதில் ஒன்று. அந்த வருஷமும் அதற்கடுத்த வருஷங்களும் அப்பா டாக்டர் முன்னால் கையைத் தூக்கினார். வேலை போகவில்லை.

அந்த முதல் பொங்கலுக்குச் சில நாள் முன்பு, முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர் சாப்பிடாமல் பின்னறைக்குப் போனார். அக்கா இன்னும் வரவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார். போனேன். சுவரைப் பார்த்து நின்று, வலது கை விரல்களை அதன்மேல் வைத்து, சிலந்தி ஏறுகிற மாதிரி ஒன்று மாற்றி ஒன்றாக மேலே நகர்த்திக்கொண்டிருந்தார். கழுத்தில் வியர்வை வழிந்தது. விரல்கள் பென்சில் கோடுகளையெல்லாம் தாண்டிப் போய்ச் சிவப்புக் கோட்டைத் தொட்டு நின்றன. கையை எடுக்காமலே கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"பாரு பாப்பா," என்றார்.

பார்த்தேன். வியர்த்த விரல் பட்டுக் கோட்டின் ஒரு ஓரம் கலைந்திருந்தது.

"அழிச்சிடாதப்பா, அது என் கோடு," என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்டிருந்த படத்தை முடிக்கப் போய்விட்டேன்.